'எந்தத் தெரு?': குழந்தையோடு திருக்கடையூர், வேளாங்கண்ணி, தஞ்சாவூர்

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் டெல்டா பக்கம் போகப் போகிறோம் என்று முன்பே வாயை விட்டுவிட்டேன், உங்களில் சிலர் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு திருக்கடையூர், வேளாங்கண்ணி, தஞ்சாவூர் மூன்றையும் ஒரே சுற்றில் பார்க்க முடியுமா, வண்டிக்கு எவ்வளவு ஆகும், எங்கே தங்குவது என்று. முடியும். விவரமெல்லாம் தருகிறேன். நடுவில் ஒரு முக்கால் மணி நேரம் என்ன நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் செலவுக் கணக்கை மட்டும் எழுதினால் உங்களை ஏமாற்றியது போல இருக்கும்.

போனதற்குக் காரணம் அப்பாவின் அறுபதாம் கல்யாணம். தசரா விடுமுறையில் வந்தது. என் கணவர் அனிர்பான் கொல்கத்தாக்காரர். துர்கா பூஜைக்கு ஊருக்குப் போகாமல் மாமனாருக்காகத் திருக்கடையூர் வந்ததை இன்னும் பத்து வருஷமாவது சொல்லிக் காட்டுவார். எங்கள் மகள் தியாவுக்கு ஐந்து வயது. அனிர்பான் நல்ல சிவப்பு, தாடி வேறு. தியா என்னைப் போலவே கறுப்பு, என்னைப் போலவே சுருட்டை முடி. பெங்களூரில் எங்கள் மூவரையும் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறை வெளியூர்க்காரர்களைப் பற்றிச் சண்டை வரும். அப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. இருவருமே வெளியூர்.

மாலை ஏழு மணி வாக்கில் பெங்களூரில் ரயில் ஏறினால் விடிந்ததும் மயிலாடுதுறை. அங்கிருந்து திருக்கடையூர் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். காருக்கு 900 ரூபாய் கொடுத்தோம். கோயிலுக்குப் பக்கத்திலேயே அறை, ஒரு நாளைக்கு 1,800. மறுநாள் காலை ஐந்து மணிக்கெல்லாம் மண்டபத்தில் வரிசையாக ஏழெட்டு ஜோடிகள் மாலையோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஹோமப் புகையில் எங்கள் அப்பா எது, அடுத்த வீட்டு அப்பா எது என்றே தெரியவில்லை. அனிர்பான் வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மாப்பிள்ளையின் கோத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டபோது, அவர் திருதிருவென்று விழிக்க, அம்மா முந்திக்கொண்டு "சிவகோத்திரம்னு சொல்லிடுங்க" என்று சமாளித்தாள். எல்லோரும் சிரித்தோம். அந்த ஒரு நாள் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்தால் இப்போது அழுகை வருகிறது.

அண்ணனும் கனடாவிலிருந்து வந்திருந்தான். பதினொரு வருஷமாக அங்கேதான் இருக்கிறான். டிபன் சாப்பிடும்போது ஒரு விஷயம் சொன்னான். போன குளிர்காலத்தில் கடை வாசலில் காரை நிறுத்தும்போது ஒருவன் கண்ணாடியைத் தட்டி, உன் நாட்டுக்குத் திரும்பிப் போ என்று கத்தினானாம். அன்றிலிருந்து அண்ணி தனியாகக் கடைக்குப் போவதில்லை. சொல்லும்போது அவன் கையில் இருந்த இட்லி அப்படியே நின்றது. அடுத்த பத்தாவது நிமிஷம் குடும்பக் குழுவில் அவனே ஒரு குரல் பதிவை அனுப்பினான். டெல்டா மாவட்டங்களில் வடநாட்டு ஆட்கள் பிள்ளை பிடிக்கிறார்கள், வேலைக்கு வந்தவர்கள் மாதிரியே இருப்பார்கள், ஜாக்கிரதை என்று யாரோ ஒரு பெண் மூச்சுவாங்கப் பேசுகிறாள்.

"டேய், உனக்கே அங்க இப்படி நடக்குது. நீயே இதை அனுப்பலாமா?" என்றேன்.

"அது வேற, இது வேற. உனக்கும் பொண்ணு இருக்கு, பாத்துக்க" என்றான்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அன்று முழுக்கக் கூட்டத்தில் தியாவின் கையை நான் விடவில்லை. யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஆறரைக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். டிரைவர் செந்தில், மயிலாடுதுறைக்காரர், முப்பது வயதிருக்கும். தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர், நடுவில் டீ குடித்தும் இரண்டு மணி நேரம் ஆகவில்லை. பேராலயத்தில் கூட்டம் குறைவு. மொட்டை போட்ட தலைகளைத் தியா எண்ணிக்கொண்டே வந்தாள், முப்பதுக்கு மேல் எண்ணத் தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். கடலில் கால் நனைத்து, மீன் சாப்பாடு சாப்பிட்டு (ஆளுக்கு 180), பன்னிரண்டரைக்குத் திருவாரூர் சாலையைப் பிடித்தோம். மாலைக்குள் தஞ்சாவூர் போய்ப் பெரிய கோயில் பார்ப்பது திட்டம்.

திருவாரூர் தாண்டி நீடாமங்கலம் வரை இரண்டு பக்கமும் சம்பா நடவு. புதிதாக நட்ட வயல் வெளிர்பச்சை, நாற்றங்கால் கண்ணைப் பறிக்கும் பச்சை, நடாத வயலில் தண்ணீர் மட்டும். நீடாமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. ஊர்ப் பெயர் வேண்டாம். சாலைக்கு எதிரே, வாய்க்காலைத் தாண்டிய வயலில் பத்துப் பதினைந்து ஆண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சுச் சத்தம் காற்றில் வந்தது. அனிர்பானின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க ஊர் பேச்சு!" என்றார். பூஜை நேரத்தில் நாலு நாளாகத் தன் மொழியில் பேச ஆளில்லாமல் இருந்த மனிதர். தியாவைக் கூட்டிக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டார்.

எனக்கு அவசரமாகக் கழிப்பறை வேண்டியிருந்தது. டீக்கடையில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும், பெயர் செல்வி. "நம்ம வீட்டுக்கு வாங்க, பக்கந்தான்" என்று பின்னால் இருந்த தெருவுக்கு அழைத்துப் போனார். போகிற வழியில், வயலில் நிற்பது யார் என்று கேட்டேன்.

"மேற்கு வங்காளமாம். மூணு வருஷமா வரானுங்க. ஒரு நாளுல நாங்க நடறதைப் போல ரெண்டு மடங்கு நட்டுடறானுங்க. எங்களைக் கூப்பிட ஆளில்ல இப்ப. நூறு நாள் வேலைக்குப் போய் உக்காந்திருக்கோம்" என்றார். குரலில் கோபம் இருந்தது, சொல்லிச் சொல்லிப் பழகிய கோபம்.

நான் வெளியே வந்தபோது பைக் ஹாரன்கள் கேட்டன. பிறகு ஆண்கள் கத்தும் சத்தம். அதற்கு நடுவில் ஒரு குழந்தை "அம்மா" என்று வீறிட்டது. எந்தக் கூட்டத்திலும் தன் குழந்தையின் குரல் அம்மாவுக்குத் தெரியும். செருப்பு எங்கே கழன்றது என்று எனக்கு நினைவில்லை, ஓடினேன்.

சாலையோரம் முப்பது பேராவது இருப்பார்கள். அனிர்பானின் சட்டைக் காலரை ஒருவன் பிடித்திருந்தான். பொத்தான்கள் போயிருந்தன. தியா அவரிடம் இல்லை. மீசை வைத்த ஒரு முன்பின் தெரியாத ஆள் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, "அழுவாத பாப்பா, மாமா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். என் பிள்ளையை உண்மையிலேயே அப்பாவிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தது அவன்தான். அவனைப் பொறுத்தவரை ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டான். அவன் கண்ணில் இருந்த பாசம் இப்போதும் என்னைப் பயமுறுத்துகிறது.

"என் புள்ளைங்க! அவர் என் வீட்டுக்காரருங்க!" என்று கத்தினேன். கூட்டம் என்னைப் பார்த்தது. யாரும் கையை எடுக்கவில்லை.

"புருஷன்னா தாலி எங்க?" என்றான் ஒருவன். எங்களுடையது பதிவுத் திருமணம். கழுத்தில் மெல்லிய சங்கிலிதான். செல்போனைத் திறந்து முந்தின நாள் படங்களைக் காட்டினேன். அனிர்பான் வேட்டியில், தியா அவர் தோளில், பக்கத்தில் மாலையோடு அப்பா அம்மா. ஒரு பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, "போட்டோவெல்லாம் இப்ப ஏஐல பண்ணிருவாங்க" என்றான். நான் செந்திலைத் தேடினேன். அவர் காரை ஐம்பதடி தள்ளி நகர்த்திக்கொண்டிருந்தார்.

அனிர்பானுக்கு ஓரளவு தமிழ் தெரியும். அம்மாவிடம் குழம்பு நன்றாக இருக்கிறது என்பார், ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவார். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. இந்தி வந்தது, இங்கிலீஷ் வந்தது, வர வரக் கூட்டத்துக்குச் சந்தேகம் கூடியது. அப்போது வயலிலிருந்து ஒருவர் சேற்றுக் காலோடு ஓடி வந்தார். நடவுக் கோஷ்டியின் தலைவர், ஹாலிம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "அண்ணே, விடுங்கண்ணே, அவங்க அப்பாவும் பொண்ணும். புள்ள பயந்து அழுவுது, வேற ஒண்ணும் இல்லண்ணே" என்று சுத்தமான தமிழில் சொன்னார். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "எப்படித் தமிழ் பேசுறான் பாத்தியா? ட்ரெய்னிங் எடுத்துட்டு வந்திருக்கானுங்கடா!"

ஒருவருக்குத் தமிழ் வரவில்லை என்று அடி, இன்னொருவருக்கு வந்துவிட்டது என்று அடி. இதற்குமேல் என்ன பேசி இவர்களை நம்ப வைப்பது என்று எனக்குப் புரியவில்லை. இங்கேயே அடித்துக் கொன்றுவிடுவார்கள், தியா பார்த்துக்கொண்டிருப்பாள் என்று மட்டும்தான் தோன்றியது.

வயதான ஒருவர் முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான குரல். "நீ எந்த ஊரும்மா?"

மன்னார்குடிப் பக்கம் அப்பாவின் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரையும் சொன்னேன்.

"எந்தத் தெரு?"

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தெரு. தெருவைச் சொன்னால் போதும், மீதி தானாகத் தெரிந்துவிடும். தெருவின் பெயரைச் சொன்னேன். அது என்ன தெரு என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர் முகம் தளர்ந்தது. "விடுங்கடா. நம்ம ஊட்டுப் பொண்ணு" என்றார். காலரைப் பிடித்திருந்த கை விலகியது. தியா என் கைக்கு வந்தாள், உடனே என்னிடமிருந்து தாவி அனிர்பானின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வேறு ஒரு தெருவின் பெயரைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

அதன் பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். "மாப்பிள்ளைங்களா! மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று ஒருவர் அனிர்பானின் சட்டையைத் தட்டிவிட்டார். டீ வந்தது, தியாவுக்கு பிஸ்கட் வந்தது. காலரைப் பிடித்தவன் நாற்காலி கொண்டுவந்து போட்டான். "சாப்டுங்க மாமா, நம்ம ஊரு பாலு" என்றான். குடிக்காவிட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து நான் குடித்தேன். அந்த டீயின் சுவை எனக்கு ஞாபகமே இல்லை.

"நீங்க கெளம்புங்க. இவனுங்கள நாங்க பாத்துக்கறோம்" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். ஹாலிமையும் அவருடைய ஆட்களையும் இதற்குள் வாய்க்கால் ஓரம் உட்கார வைத்திருந்தார்கள். கையில் கழியோடு நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். நான் அனிர்பானின் கையைப் பிடித்து இழுத்தேன், போய்விடலாம் என்றேன். எனக்கு என் பிள்ளையும் புருஷனும் போதும் என்றிருந்தது. அவர் வரவில்லை. தியாவை என்னிடம் கொடுத்துவிட்டு, போய் ஹாலிமின் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். ஹாலிம் வங்காள மொழியில் அவரிடம் ஏதோ கெஞ்சினார். நீங்கள் இருந்தால் இன்னும் கோபப்படுவார்கள், போய்விடுங்கள் தாதா என்றாராம், தாதா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். இவர் அசையவில்லை. எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை எழுத முடியாது.

அப்போதுதான் செல்வி வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை, நேராக வரப்பைப் பார்த்தார். அங்கே நடைபாதைக்குக் குறுக்கே ஒரு நாற்றுமுடி, நடுவதற்குக் கட்டி வைத்த நாற்றுக் கட்டு, கிடந்தது, அதன்மேல் ஒரு நூறு ரூபாய் நோட்டு, பறக்காமல் சேற்றை வைத்து அழுத்தி.

"அட அறிவு கெட்டவனுங்களா, நாத்துமுடி வச்சு மறிச்சிருக்கானுங்கடா!" என்று கத்தினார். "நடவு வயலுக்குப் பக்கமா ஆரு வந்தாலும் முடியை வச்சுக் காசு கேப்போமே, மறந்துட்டீங்களா? ஒங்க அப்பன் பாட்டனையெல்லாம் நாங்க மறிச்சிருக்கோம். இவனுங்களுக்கு நான்தான்டா சொல்லிக்குடுத்தேன், போன வருஷம்!"

நடந்தது அதுதான். சொந்த ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷத்தில், இங்கே கற்றுக்கொண்ட வழக்கப்படி அவர்கள் நாற்றுமுடியை அப்பா, மகள் காலடியில் வைத்துச் சிரித்துக்கொண்டே சுற்றி நின்றிருக்கிறார்கள். அனிர்பான் பணம் வைத்தார். சேற்று உடம்போடு இத்தனை ஆண்களைப் பார்த்த தியா மிரண்டு என்னைக் கேட்டு அழ, அவளைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி வேகமாக வந்திருக்கிறார். சாலையில் பைக்கில் போனவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வடநாட்டு ஆட்கள் கும்பலாகச் சேர்ந்து, அழுகிற நம்ம ஊர்ப் பிள்ளையை ஒருவன் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடுகிறான். அவன் செல்போனில் அந்தக் குரல் பதிவு ஏற்கெனவே வந்திருந்தது.

"இவனுங்களால எங்களுக்குக் கூலி போச்சு. அது நெசந்தான். எனக்கில்லாத கோவமா ஒங்களுக்கு? ஆனா புள்ள புடிக்கிறவன் எவனும் இடுப்பளவு சேத்துல நின்னுக்கிட்டுப் புடிக்க மாட்டான்" என்றார் செல்வி. ஒன்றிரண்டு பேர் தலையைச் சொறிந்தார்கள். கழிகள் கீழே போகவில்லை.

கழிகளைக் கீழே போட வைத்தவர் வயலின் சொந்தக்காரர். டிவிஎஸ்ஸில் தலைதெறிக்க வந்து இறங்கினார். ஹாலிமின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார், பாதி நட்ட வயலைப் பார்த்தார். "நாத்து பறிச்சுப் போட்டது வெயில்ல கெடக்கு. ஆளை அடிச்சுத் தொரத்திட்டா மீதிய யாருடா நடறது? நீங்க எறங்குறீங்களா?" "எங்களைக் கூப்புட்டா நாங்க எறங்குவோம்" என்றார் செல்வி. வயல்காரர் அது காதில் விழாதது போல நின்றார். கூட்டம் மெல்லக் கலைந்தது. ஹாலிமின் ஆட்கள் எழுந்து வயலுக்குள் போய்க் குனிந்து நட ஆரம்பித்தார்கள்.

காரில் ஏறியதும் செந்தில், "மன்னிச்சிருங்கக்கா. வண்டி என்னோடது இல்ல, எனக்கும் புள்ள இருக்கு" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கிருந்து தஞ்சாவூர் முப்பத்தைந்து கிலோமீட்டர். விடுதியிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "நல்லவேளை, நம்ம ஊருன்னு சொன்னியே" என்றான். அங்கே அந்தக் கார் கண்ணாடியைத் தட்டியவனிடம் சொல்ல உனக்கு எந்தத் தெரு இருந்தது என்று கேட்க நினைத்தேன். அவனும் பயந்துதான் வாழ்கிறான் என்பதால் கேட்கவில்லை. குரல் பதிவை மட்டும் குழுவிலிருந்து நீக்கச் சொன்னேன். நீக்கினான். அது இதற்குள் எத்தனை குழுக்களுக்குப் போயிருக்கும் என்று தெரியாது.

இனி உங்களுக்கான விவரம். நாள் முழுக்கக் கார் வாடகை 4,200, டிரைவர் படி 400. தஞ்சாவூரில் அறை 2,200. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வயல்கள் மிக அழகு, மழைக்கு ஒரு குடை எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குத் திருவாரூரிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. எங்களைப் போன்ற குடும்பம் என்றால் குழந்தையின் ஆதார் நகலில் அப்பா பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் காகிதத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், கிராமத்தில் வண்டி நின்றால் மூவரும் சேர்ந்தே இறங்குங்கள். இதையெல்லாம் பயணக் குறிப்பில் எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. காகிதம் காப்பாற்றும் என்று உறுதி சொல்லவும் முடியவில்லை. ஹாலிமும் சட்டைப்பையிலிருந்து ஆதாரை எடுத்து நீட்டிக்கொண்டேதான் இருந்தார். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பெரிய கோயில் போனோம். ஏழு மணிக்குப் போங்கள், கல் சுடாது. நந்தியைப் பார்த்ததும் தியா நேற்றையதெல்லாம் மறந்து, "பாபா! பாபா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். வங்காளத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், பிறந்ததிலிருந்து அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். சுற்றி நின்ற ஒன்றிரண்டு பேர் திரும்பினார்கள். அனிர்பான் சட்டென்று குனிந்து அவள் வாயில் விரலை வைத்தார். எனக்குக் கேட்கும்படிதான், தமிழில் சொன்னார்: "வெளிய 'அப்பா' சொல்லு. சரியா? அப்பா."

குழந்தை சமர்த்து, ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். பெங்களூர் வந்ததும் வீடியோ காலில் அவள் "அப்பா" என்று கூப்பிடுவதைக் கேட்டு என் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாக அம்மா ஆசைப்பட்டது அது. "ஊருக்கு வந்துட்டுப் போனதும் புள்ள எப்படி மாறிடுச்சு பாத்தியா!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மாவிடம் நாங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை.